டீசல் எஸ்யூவியில் கூலன்ட் குறைகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை: ஹெட் கேஸ்கெட்தானா?

#1 பாலக்கோடு சாலை

வண்டி: ஏழு சீட் டீசல், 2.2 லிட்டர், 2017 மாடல், பிஎஸ்4, ஓடியது 94,000 கி.மீ. பெரும்பாலும் தருமபுரி – பாலக்கோடு ஓட்டம், மாதம் இரண்டு முறை தொப்பூர் வழியாகச் சேலம்.

மூன்று மாதமாக டேங்கில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இறங்குகிறது. மாதம் ஏறக்குறைய 400 மி.லி. ஊற்ற வேண்டியிருக்கிறது. நிறுத்தும் இடம் சிமென்ட் தரை, ஈரமே கிடையாது. டெம்பரேச்சர் முள் நடுவில்தான் நிற்கிறது. ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் நிறம் (தண்ணீர் கலந்ததன் அடையாளம்) இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி வெள்ளைப் புகை வரும், அப்புறம் நின்றுவிடும்.

பட்டறையில் "ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும், ஹெட்டை இறக்கித்தான் பார்க்கணும்" என்கிறார்கள். இறக்குவதற்கு முன் என்னென்ன பார்க்கலாம்? இதுவரை ஊற்றியது போர் தண்ணீர்தான்.

#2 தொப்பூர் மேடு

ஹெட்டை இப்போது யாரும் தொட வேண்டாம். ஹெட்டை இறக்குவது சோதனை ஆகாது, அது வைத்தியம். நோய் இன்னதென்று தெரிந்த பிறகு வர வேண்டியது.

முதலில் குறைவை ஒழுங்காக அளக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஆறிய பிறகு, தினமும் ஒரே இடத்தில், வண்டி சமமாக நிற்கும்போது டேங்கில் டேப் ஒட்டிக் கோடு போடுங்கள். சூட்டில் கூலன்ட் விரியும், சரிவில் மட்டம் மாறும். சாயங்காலம் ஒரு நாள், காலையில் ஒரு நாள் என்று பார்த்தால் 200 மி.லி. வித்தியாசம் சும்மாவே காட்டும். இரண்டு வாரம் பாருங்கள். உள்ளூர் ஓட்டத்தில் எவ்வளவு இறங்குகிறது, சேலம் போய்த் திரும்பிய மறுநாள் காலை எவ்வளவு என்று தனித்தனியாகக் குறியுங்கள். சேலத்திலிருந்து வரும்போது தொப்பூரில் ஏற்றம். ஏழு பேர், ஏசி, முன்னால் லாரி, இரண்டாவது மூன்றாவது கியர். வேகம் குறைவு என்பதால் ரேடியேட்டருக்குக் காற்றும் குறைவு. குறைவது முழுக்க அந்தப் பயணத்தில்தான் என்றால் சூட்டிலும் அழுத்தத்திலும் திறக்கும் கசிவு. வண்டி நின்றிருந்தாலும் குறைகிறதென்றால் குளிரில் கசிகிறது. இந்த ஒரு குறிப்பே பாதி வேலையை முடித்துவிடும்.

டெம்பரேச்சர் முள்ளை நம்பி உட்கார வேண்டாம். இப்போதைய வண்டிகளில் ஏறக்குறைய 75 டிகிரி முதல் 105 டிகிரி வரை முள் அசையாமல் நடுவில் நிற்கும்படிதான் வைத்திருக்கிறார்கள். ஒரு ஓபிடி அடாப்டரை (வண்டிக் கம்ப்யூட்டரின் எண்களைப் படிக்கும் சின்னக் கருவி) செருகி செல்போனில் உண்மையான எண்ணைப் பாருங்கள். இன்னொன்று, மட்டம் ரொம்ப இறங்கி சென்சாரைச் சுற்றி வெறும் காற்று நின்றால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கும். அதைப் பார்த்து நிம்மதி அடைந்தவர்களின் ஹெட்தான் லேத்துக்குப் போகிறது.

உங்கள் வண்டியில் அழுத்த மூடி எங்கே இருக்கிறது? ரேடியேட்டர் தலையிலா, பிளாஸ்டிக் டேங்கிலா? அதன் மேல் என்ன எண் போட்டிருக்கிறது?

#3 காவேரிப்பட்டணம் ரேடியேட்டர்

மூடியைத்தான் நானும் சொல்ல வந்தேன் சார். எத்தனையோ வண்டியில எல்லாத்தையும் மாத்தி முடிச்ச பிறகுதான் மூடிகிட்ட வர்றாங்க. 500 ரூபாய்க்குள்ள முடியுற சாமான்.

மூடி வெறும் தக்கை இல்ல, அது ரெண்டு வால்வு. ஒண்ணு உள்ள அழுத்தம் குறிப்பிட்ட அளவு வந்ததும் திறக்கும். இன்னொண்ணு இன்ஜின் ஆறும்போது வெளிக்காத்தையோ டேங்க் தண்ணியையோ உள்ள இழுக்கும். மேல 1.1னு போட்டிருந்தா 1.1 பார் (அழுத்த அலகு) வரைக்கும் அது பிடிக்கணும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்துல 107 டிகிரி பக்கம் கொதிக்கும். 1.1 பார் அழுத்தத்துல 125 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்து அரை பாரிலேயே திறந்துட்டா அந்தப் பாதுகாப்பு பாதி போச்சு. ஏத்தத்துல ஆவியா வெளிய போயிட்டே இருக்கும், தரைக்கு வர்றதுக்குள்ள காஞ்சிடும்.

இப்பவே கையால பாருங்க. ஆறின வண்டியில மூடியைக் கழட்டி ரப்பர் வளையத்தை விரலால தடவிப் பாருங்க. வெடிப்பு, பள்ளம், கடினமாகி இருக்குறது தெரியும். மூடியோட கழுத்துலயும் டேங்க் பக்கத்துலயும் வெள்ளையாவோ இளஞ்சிவப்பாவோ உப்பு மாதிரி படிஞ்சிருந்தா அது காஞ்ச கூலன்ட்.

மாத்தும்போது அதே எண் வாங்கணும். 0.9க்கு பதிலா 1.4 போட்டா நல்லா பிடிக்கும்னு சிலர் சொல்றாங்க, கேட்டுடாதீங்க. கூடுற அழுத்தம் பழைய பிளாஸ்டிக் டேங்க்கையும், வண்டிக்குள்ள சூடு குடுக்குற சின்ன ரேடியேட்டரான ஹீட்டர் கோரையும்தான் தேடிப் போகும்.

#4 ஊத்தங்கரை

லாரிக்காரங்க ரேடியேட்டர் ஒழுகினா மஞ்சள் தூள் போடுவாங்களே, நின்னுடுமே. கடையில பாட்டில்லயும் லீக் அடைக்கிற மருந்து விக்குது. 400 மி.லி. குறையுறதுக்கு இவ்வளவு சோதனை தேவையா?

#5 தொப்பூர் மேடு

மஞ்சள் தூள் வேலை செய்யும், பொய் இல்லை. மாவுச்சத்துள்ள தூள் சூட்டில் உப்பி ஓட்டையில் போய் அடைக்கும். பழைய பித்தளை ரேடியேட்டரில் குழாய் அகலம். வழியில் நின்ற லாரி ஊர் போய்ச் சேர அது உதவியது. இந்த வண்டியில் ஹீட்டர் கோர், இஜிஆர் கூலர் (எக்ஸாஸ்ட் வாயுவைக் குளிர்விப்பது), ஆயில் கூலர் எல்லாவற்றிலும் வழி குறுகல். ஓட்டையை அடைக்கும் பொருளுக்கு எது ஓட்டை, எது வழி என்று தெரியாது. கடை மருந்துக்கும் இதேதான். அதை ஊற்றிய பிறகு எடுக்கும் எந்தச் சோதனையும் நம்பகமாக இருக்காது, ரேடியேட்டர் பட்டறைக்காரரும் உள்ளே பார்த்துத் தலையில் கை வைப்பார். ஊற்ற வேண்டாம்.

#6 பாலக்கோடு சாலை

இரண்டு வாரக் கணக்கு இது. உள்ளூர் ஓட்டத்தில் ஆறு நாளில் சுமார் 60 மி.லி. சேலம் போய் வந்த மறுநாள் காலை மட்டும் 150 மி.லி. வண்டி மூன்று நாள் நின்றிருந்தபோது கோடு அசையவில்லை.

மூடி டேங்கில் இருக்கிறது, எண் 1.1. கழுத்தைச் சுற்றி இளஞ்சிவப்புப் படிவம் இருக்கிறது. ரப்பர் ஒரு பக்கம் வெட்டியதுபோல் பள்ளம். ஓபிடியில் தொப்பூர் ஏற்றத்தில் அதிகபட்சம் 103. சமதரையில் 86 முதல் 90.

பிரஷர் டெஸ்டர் (பம்பால் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கும் கருவி) வைத்திருக்கும் ஒரு பட்டறையில் பார்த்தோம். மூடியைத் தனியாக வைத்துப் பம்ப் செய்தால் அரை பாரிலேயே திறக்கிறது. டேங்கில் டெஸ்டரை மாட்டி, ஆறிய இன்ஜினில் 1.1 ஏற்றினால் 20 நிமிடத்தில் 0.85க்கு இறங்குகிறது. வெளியே எங்கும் ஈரம் தெரியவில்லை.

#7 தொப்பூர் மேடு

அருமையான கணக்கு. அப்படியானால் இரண்டு கோளாறு. மூடி ஒன்று, அது உறுதி. ஆனால் டெஸ்டர் மாட்டும்போது மூடி கணக்கில் இல்லை. அப்போதும் அழுத்தம் இறங்குகிறது. கூலன்ட் வேறு எங்கோ போகிறது.

புது மூடி போட்டுவிட்டு "சரியாகிவிட்டது" என்று விட வேண்டாம். இப்போதுதான் முழு அழுத்தம் நிற்கும், அதனால் உள் கசிவு கூடும். சிலர் மூடி மாற்றிய பிறகு முன்பைவிட அதிகம் குறைகிறது என்று சொல்லி மூடியைத் திட்டுவது இதனால்தான்.

வெளியே பார்க்க வேண்டிய இடங்களில், தரையைத் தொடாமலே காய்ந்துபோகிறவை இவை. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். சீல் தேய்ந்தால் அதன் வழியாகத்தான் வெளியேறும்படி வைத்திருக்கிறார்கள். கண்ணாடியும் டார்ச்சும் வைத்துத் துளைக்குக் கீழே கோடு போல இறங்கிய கறை இருக்கிறதா பாருங்கள். தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) ஹவுசிங் பிளாஸ்டிக் என்றால் அதன் தையல் கோடு. டர்போவுக்குப் போகும் மெல்லிய கூலன்ட் பைப். அங்கே விழும் சொட்டு அந்தக் கணமே ஆவி. ரேடியேட்டரில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் மடித்துச் சேரும் ஓரம். அண்டர்கவர் தகடு போட்ட வண்டி என்றால் அதைக் கழற்றாமல் "ஒழுகவில்லை" என்று சொல்லக்கூடாது. தகட்டின் மேல் உள்ள ஸ்பாஞ்சே கால் லிட்டர் குடித்துவிடும்.

பிறகு உள்ளே. முன் சீட்டில் கால் வைக்கும் இடத்தில், டாஷ்போர்டு நடுப்பகுதிக்கு அருகில் கார்ப்பெட்டைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். ஹீட்டர் போட்டால் இனிப்பு வாடை, கண்ணாடியில் எண்ணெய்ப் பசை போல மூட்டம் என்றால் ஹீட்டர் கோர். மூன்றாவது வரிசைக்கு ஹீட்டர் உள்ள வண்டி என்றால் வண்டிக்கு அடியில் பின்பக்கம் வரை ஓடும் பைப்புகளையும் பார்க்க வேண்டும். சேறு ஒட்டி அரித்துப் போவது அங்கே சாதாரணம்.

#8 ஓசூர் ஷிப்ட்

வெளியே ஒன்றும் கிடைக்காவிட்டால் டீசலில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இஜிஆர் கூலர். ஹெட் கேஸ்கெட் அதற்குப் பிறகு. பட்டறைகளில் இந்த வரிசை தலைகீழாக இருப்பதால்தான் நல்ல ஹெட்டுகள் இறக்கப்படுகின்றன.

இஜிஆர் கூலர் என்பது எக்ஸாஸ்ட் வாயுவைக் கூலன்ட் வைத்துக் குளிரவைத்து மறுபடி இன்டேக்குக்கு அனுப்பும் ஒரு சின்ன ரேடியேட்டர். உள்ளே மெல்லிய ஸ்டீல் குழாய்கள். ஒரு பக்கம் பல நூறு டிகிரி வாயு, இன்னொரு பக்கம் 90 டிகிரி கூலன்ட். குழாயில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் கூலன்ட் வாயுப் பக்கம் கசியும். ஓடும்போது எரிந்து ஆவியாகி எக்ஸாஸ்டில் போய்விடும், யாருக்கும் தெரியாது. சூடான வண்டியை அணைத்து நிறுத்திய பிறகும் உள்ளே அழுத்தம் இருப்பதால் மெல்ல ஊறிக் கூலரின் வாயுப் பக்கம் தேங்கும். மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டில் அது ஆவியாகிறது. நீங்கள் சொன்ன சில விநாடி வெள்ளைப் புகை அதற்குப் பொருத்தமாக இருக்கிறது. தரை காய்ந்திருப்பது, ஆயிலில் பால் இல்லாதது எல்லாம் அதே கதை.

ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போல ஏதாவது ஒட்டியிருந்தால் அதை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள். மார்கழியில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தும் வண்டிகளில் அது வெறும் ஈரக்காற்று. டிப்ஸ்டிக் ஆயிலில் ஒரு சொட்டைச் சூடான இரும்புத் தகட்டில் விடுங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அமைதியாகப் புகைந்தால் இல்லை.

#9 காவேரிப்பட்டணம் ரேடியேட்டர்

ஹெட் கேஸ்கெட்டை அப்படி ஒதுக்கிடவும் முடியாதுங்க. ஆனா அதுக்கும் இறக்காமலே பாக்குற வழி இருக்கு.

காலையில ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி மேல் ரேடியேட்டர் ஹோஸை அமுக்கிப் பாருங்க. ஒரு நிமிஷத்துக்குள்ளயே, சூடேறுறதுக்கு முன்னாடியே கல்லு மாதிரி விறைச்சா சிலிண்டர்ல எரிஞ்ச வாயு கூலன்ட்டுக்குள்ள வருது. சூடேறி மெதுவா விறைச்சா அது இயல்பு. ராத்திரி நிறுத்தி காலையில மூடி திறக்கும்போது புஸ்ஸுனு காத்து போனாலும் சந்தேகம்தான்.

அடுத்தது நீலத் திரவ சோதனை. டேங்க் வாயில கண்ணாடிக் குழாயை வச்சு, கூலன்ட் மேல இருக்குற காத்தை அந்த நீலத் திரவம் வழியா உறிஞ்சணும். எரிஞ்ச வாயு இருந்தா பெட்ரோல் வண்டியில மஞ்சளாகும், டீசல்ல பச்சைப் பக்கம் போய் மஞ்சளாகும். கூலன்டையே உறிஞ்சிடக் கூடாது, நிறம் கெட்டுத் தப்பு முடிவு வரும். அதனால முன்னாடியே டேங்க்ல மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிடுங்க. சும்மா ஐடிலிங்ல மட்டும் பாக்காம இன்ஜின் முழுசா சூடான பிறகும் பாருங்க. சின்ன கசிவு சுமை இருந்தாத்தான் காட்டும்.

அதுவும் சந்தேகமா இருந்தா குளோ பிளக் (ஸ்டார்ட்டுக்கு சிலிண்டரைச் சூடாக்குறது) கழட்டி, ஒவ்வொரு சிலிண்டரா டிடிசியில, அதாவது பிஸ்டன் உச்சியில இருக்கும்படி நிறுத்திக் காத்து குடுங்க. டேங்க்ல குமிழி எந்த சிலிண்டருக்கு வருதோ அதுதான்.

#10 பாலக்கோடு சாலை

ஹோஸ் ஐந்து நிமிடம் ஆகியும் மெத்தென்றுதான் இருந்தது. நீலத் திரவம் ஐடிலிங்கிலும், சூடாக்கி 2500 ஆர்பிஎம்மில் வைத்தபோதும் நிறம் மாறவில்லை. கார்ப்பெட் காய்ந்திருக்கிறது. அண்டர்கவர் கழற்றிப் பார்த்தோம், சுத்தம். வாட்டர் பம்ப் துளையில் கறை இல்லை. ஆயில் பொரியவில்லை.

இஜிஆர் கூலரை எப்படி உறுதி செய்வது? புதியது வாங்கி மாட்டிப் பார்க்கத் தயக்கமாக இருக்கிறது.

#11 ஓசூர் ஷிப்ட்

வாங்க வேண்டியதே இல்லை, முதலில் உள்ளதைச் சோதியுங்கள்.

ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்டு, கூலர் மட்டத்துக்குக் கீழே வரும்வரை கூலன்டை சுத்தமான பாத்திரத்தில் வடித்துக்கொள்ளுங்கள். இஜிஆர் வால்வுக்கும் கூலருக்கும் இடையே உள்ள பைப்பைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். நல்ல கூலரில் உலர்ந்த கரி கறுப்பாகப் படிந்திருக்கும். கசியும் கூலரில் கரி ஈரக்குழம்பாக இருக்கும், அல்லது ஓர் இடம் மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருக்கும்.

அடுத்து கூலரைக் கழற்றி வெளியே எடுங்கள். போல்ட்டுகள் சூட்டில் பற்றியிருக்கும். முதல் நாள் ராத்திரியே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள், அவசரத்தில் தலை உடைந்தால் வேலை மூன்று மடங்கு. வெளியே வந்ததும் கூலன்ட் நிப்பிள் (ஹோஸ் மாட்டும் முனை) ஒன்றை அடைத்து, மற்றதில் ரெகுலேட்டர் வழியாக 1.2 பார் காற்று கொடுங்கள். கம்ப்ரசரின் 8 பாரை நேராகக் கொடுத்தால் நல்ல கூலரையும் கிழித்துவிடும். பிறகு வாளித் தண்ணீரில் முக்குங்கள். முக்கியமான விஷயம்: பச்சைத் தண்ணீர் போதாது. கை வைக்க முடியாத சூட்டில், 80 டிகிரி அளவில் தண்ணீர் இருக்க வேண்டும். குளிரில் மூடியிருக்கும் வெடிப்பு சூட்டில்தான் வாய் திறக்கும். வாயுப் பக்கத்து வாயில் விட்டுவிட்டு ஒரு குமிழி வந்தால் போதும், தீர்ப்பு அதுதான். பத்து நிமிடம் பொறுமையாகப் பாருங்கள்.

கூலரை வெல்டு வைத்துத் தருகிறேன் என்பவர்களிடம் கொடுக்க வேண்டாம். உள்ளே உள்ள குழாய்கள் வெல்டர் கைக்கு எட்டாது, எட்டும் இடத்தில் வைத்தாலும் அடுத்த வெடிப்பு பக்கத்துக் குழாயில் வரும்.

#12 பாலக்கோடு சாலை

கிடைத்துவிட்டது. வாயுப் பக்கம் கரி குழம்பாக இருந்தது. பச்சைத் தண்ணீரில் முக்கினால் ஒன்றுமில்லை. கொதிநீர் கலந்து சூடாக்கியதும் மூன்று நான்கு விநாடிக்கு ஒரு குமிழி, கடுகு அளவில், எக்ஸாஸ்ட் நுழையும் பக்கத்து வாயிலிருந்து. கூலன்ட் நிப்பிளின் உள்ளே விரலை விட்டால் சுண்ணாம்பு போல வெள்ளைப் படிவம், நகத்தால் சுரண்டினால் செதிலாக வருகிறது.

ஹெட்டுக்கு வேலை இல்லை. ஆனால் 94,000 கி.மீ.யில் ஏன் வெடிக்க வேண்டும்?

#13 தொப்பூர் மேடு

விரலில் வந்த அந்தச் செதில்தான் பதில்.

மூடி முதலில் போயிருக்கிறது. அழுத்தம் நிற்காததால் தொப்பூர் ஏற்றத்தில் ஆவியாகி மட்டம் இறங்கியது. போர் தண்ணீர் ஊற்றினீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீர் என்றாலே எல்லோருக்கும் ஃப்ளோரைடு ஞாபகம் வரும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காக. ரேடியேட்டருக்கு எதிரி ஃப்ளோரைடு அல்ல. தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியமும் மெக்னீசியமும், அலுமினியத்தைக் குழி குழியாக அரிக்கும் குளோரைடும்தான். துணி சோப்பு நுரைக்காத தண்ணீர் என்றால் அதில் இவை இருக்கின்றன. கூலன்டில் உள்ள பாஸ்பேட், சிலிக்கேட் மருந்துகளும் கால்சியத்தோடு சேர்ந்து படிவமாகிவிடும், அரிப்பைத் தடுக்க ஆள் இல்லாமல் போகும்.

படிவம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாது. எங்கே உலோகம் அதிகச் சூடோ அங்கேதான் கெட்டியாக விழும். வண்டியில் அந்த இடம் இஜிஆர் கூலரின் வாயு நுழையும் முனை. அதோடு கூலர் இன்ஜினின் மேல்பக்கம் இருக்கிறது. மட்டம் இறங்கினால் முதலில் காற்று போய் நிற்பதும் அங்கேதான். படிவம் ஒரு பக்கம், காற்றுக் குமிழ் ஒரு பக்கம், குழாயின் ஓர் இடம் மட்டும் பழுக்கச் சூடாகி, அடுத்த கணம் கூலன்ட் பட்டுச் சுருங்குகிறது. இது ஆயிரம் முறை நடந்தால் வெடிக்கும். 500 ரூபாய் மூடியும் ஓசித் தண்ணீரும் சேர்ந்து கூலரைக் கொன்றிருக்கின்றன.

ஒகேனக்கல் குழாய் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் என்று மாற்று தேட வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஎம் வாட்டர் (தாது உப்பு நீக்கிய தண்ணீர்) கடையில் கிடைக்கிறது, ஐந்து லிட்டர் கேனாக வாங்கி டிக்கியில் ஒரு லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

#14 காவேரிப்பட்டணம் ரேடியேட்டர்

மாட்டும்போது கவனிக்க வேண்டியதை நான் சொல்றேன்.

கூலரோட எல்லா கேஸ்கெட்டும் புதுசு போடுங்க, பழசைத் திருப்பிப் போடுறது மிச்சம் இல்ல. வளையும் பெல்லோஸ் பைப் இருந்தா இழுத்து மாட்டாதீங்க. எல்லா போல்ட்டையும் முதல்ல கையால நாலஞ்சு சுத்து விட்டுட்டு, கூலர் தன் இடத்துல உக்காந்த பிறகு முறுக்குங்க. ஒரு பக்கம் முறுக்கி மறுபக்கம் நெம்பி மாட்டினா மூணே மாசத்துல பெல்லோஸ் கீறிடும். ஹோஸ் கிளாம்ப் கம்பெனியோட ஸ்பிரிங் கிளாம்ப்பா இருந்தா அதையே போடுங்க. ரப்பர் சூட்டுல உப்பும், குளிர்ல சுருங்கும். ஸ்பிரிங் கூடவே போய் வரும். ஸ்குரூ கிளாம்ப் வராது.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டெஸ்டர் மாட்டி 1.1ல அரை மணி நேரம் விடுங்க. முள் அசையக் கூடாது. அசைஞ்சா இப்பவே தேடுறது சுலபம்.

படிவம் இருக்குறதால கழுவணும். டிஎம் வாட்டர் ஊத்தி, ஹீட்டரை முழுச் சூட்டுல வச்சு, தெர்மோஸ்டாட் திறக்குற வரைக்கும் ஓட்டி, ஆறவச்சு வடிங்க. தெளிவா வர்ற வரைக்கும், வழக்கமா மூணு தடவை. ஆசிட் ஊத்திக் கழுவுறேன்னு யாராவது சொன்னா சம்மதிக்காதீங்க, அலுமினிய ரேடியேட்டர் கோர் தாங்காது.

#15 ஓசூர் ஷிப்ட்

கலவையில்தான் நிறைய பேர் தப்புச் செய்கிறார்கள், எண்ணோடு சொல்கிறேன். மொத்தக் கொள்ளளவு 9 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கையேட்டில் உள்ள எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். ரேடியேட்டரில் வடித்தால் 5.5 லிட்டர்தான் வரும், மீதி 3.5 லிட்டர் பிளாக்கிலும் ஹீட்டரிலும் நிற்கும். தண்ணீரால் கழுவியிருப்பதால் நிற்பது வெறும் தண்ணீர். இதன் மேல் பாதிக்குப் பாதி கலந்து வரும் ரெடிமிக்ஸ் கூலன்ட் 5.5 லிட்டர் ஊற்றினால் கடைசியில் 30 சதவீதம்தான் கிளைக்கால் (கூலன்டின் முக்கியப் பொருள்) இருக்கும். அதனால் கான்சென்ட்ரேட் (தண்ணீர் கலக்காத கூலன்ட்) வாங்குங்கள். 4.5 லிட்டர் கான்சென்ட்ரேட், 1 லிட்டர் டிஎம் வாட்டர். உள்ளே நிற்கும் 3.5 சேர்ந்து சரிபாதி. பிறகு ரெஃப்ராக்டோமீட்டரில் (கலவையின் உறைநிலையைக் காட்டும் கருவி) ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், மைனஸ் 37 டிகிரிக்கு அருகில் காட்டினால் சரி. தருமபுரியில் உறைநிலை எதற்கு என்று கேட்கலாம். அந்த எண்தான் அரிப்புத் தடுப்பு மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் நமக்குக் கிடைக்கும் அளவுகோல்.

நிறம் பார்த்து வாங்க வேண்டாம். ஒரே இளஞ்சிவப்பில் வெவ்வேறு வேதியியல் விற்கிறது. கையேட்டில் என்ன வகை சொல்லியிருக்கிறதோ அது கேனின் பின்பக்கம் எழுதியிருக்க வேண்டும்.

காற்று எடுப்பது: முன் சக்கரங்கள் மேட்டில் நிற்கட்டும். ஹீட்டர் முழுச் சூடு. பிளீட் ஸ்குரூ இருந்தால் குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை திறந்து மூடுங்கள். மூடி போட்டு 1500 ஆர்பிஎம்மில் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை வையுங்கள், இடையிடையே மேல் ஹோஸைப் பிசைந்து விடுங்கள். ஹீட்டரில் காற்று திடீரென்று குளிர்ந்தால் இன்னும் குமிழ் இருக்கிறது. முழுக்க ஆறிய பிறகு நிரப்புங்கள். மூன்று சூடேற்றம் வரை மட்டம் கொஞ்சம் இறங்கும், அதைக் கசிவு என்று எண்ண வேண்டாம்.

#16 அஞ்செட்டி

இதே இழையில் ஒரு கேள்வி. பெட்ரோல் எஸ்யூவி. குளிர்காலத்தில் மட்டும் காலையில் ரேடியேட்டருக்கு அடியில் நாலைந்து சொட்டு. ஓட ஆரம்பித்தால் நின்றுவிடுகிறது. பிரஷர் டெஸ்ட் பகலில் செய்தபோது முள் அசையவில்லை.

#17 காவேரிப்பட்டணம் ரேடியேட்டர்

பகல்ல செஞ்சதால தெரியலைங்க. விடிகாலையில, வண்டியை ஸ்டார்ட் பண்ணாம அதே இடத்துல டெஸ்டர் மாட்டுங்க. பெரும்பாலும் கீழ் ஹோஸ் கிளாம்ப், இல்லன்னா ரேடியேட்டர் பிளாஸ்டிக் டேங்க் அடியில உள்ள ஓ-ரிங். ஹோஸ் கழட்டி, நிப்பிள்ல படிஞ்ச வெள்ளையைப் பச்சை ஸ்கிராப்பரால தேச்சு எடுத்துட்டு ஸ்பிரிங் கிளாம்ப் போடுங்க. அப்பவும் வந்தா ஓ-ரிங். அதை மாத்த மடிப்பைப் பிரிச்சுத் திரும்ப மடிக்கணும். ஒரு தடவை பண்ணலாம். ரெண்டாவது தடவை அலுமினிய நாக்கு ஒடிஞ்சிடும், அப்ப புது ரேடியேட்டர்தான்.

#18 ஊத்தங்கரை

தொப்பூர் ஏத்தத்துல ஓபிடி 110 தாண்டிப் போனா என்ன செய்யணும்? பலர் பக்கெட் தண்ணியை ரேடியேட்டர் மேலயே ஊத்துறாங்க.

#19 தொப்பூர் மேடு

ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் ப்ளோயரோடு திறங்கள். அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். பாதுகாப்பாக ஓரம் கட்டி, மட்டம் இருக்கிறதென்றால் இரண்டு நிமிடம் ஐடிலிங். ஆவி வந்தாலோ மட்டம் இல்லை என்றாலோ உடனே அணைக்க வேண்டும். மூடியை 45 நிமிடம் தொடக்கூடாது. உள்ளே 100 டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் அடங்கியிருக்கும் கூலன்ட், மூடி திறந்த கணமே கொதித்து முகத்துக்கு வரும். வெந்த இன்ஜினில் பச்சைத் தண்ணீரை வெளியே ஊற்றினாலும் உள்ளே ஊற்றினாலும் ஹெட் கோணும். தேசிய நெடுஞ்சாலையில் 1033க்கு அழைத்தால் உதவி வண்டி வரும். அந்த மலைப்பாதையில் கீழிறங்கும் லாரிகளுக்குப் பக்கத்தில் பானெட்டைத் திறந்து நிற்பதைவிடத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று காத்திருப்பது நல்லது.

#20 பாலக்கோடு சாலை

வேலை முடிந்தது. புது இஜிஆர் கூலர், கேஸ்கெட்டுகள், 1.1 மூடி, மூன்று முறை கழுவல், 4.5 லிட்டர் கான்சென்ட்ரேட். டெஸ்டர் அரை மணி நேரம் 1.1லேயே நின்றது. ரெஃப்ராக்டோமீட்டர் மைனஸ் 36. முதல் மூன்று சூடேற்றத்தில் 150 மி.லி. இறங்கியது, நிரப்பினோம். அதன் பிறகு 1,100 கி.மீ., அதில் இரண்டு சேலம் பயணம். டேப் கோடு அப்படியே இருக்கிறது. தொப்பூர் ஏற்றத்தில் அதிகபட்சம் 98. காலைப் புகை இல்லை.

வடித்த பழைய கூலன்ட் 15 லிட்டருக்கு மேல் கேன்களில் நிற்கிறது. இதை என்ன செய்வது?

#21 ஓசூர் ஷிப்ட்

சாக்கடையிலோ காலி மனையிலோ ஊற்ற வேண்டாம். கிளைக்கால் இனிக்கும். நாய், ஆடு, மாடு எல்லாம் நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் போய்விடும். மூடி இறுக்கி, மேலே "கூலன்ட், விஷம்" என்று எழுதி, பழைய ஆயில் சேகரிக்கும் பெரிய சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுங்கள். ஆயிலோடு கலந்துவிடாமல் தனிக் கேனாகவே கொடுக்க வேண்டும், கலந்தால் அவர்கள் எடுக்க மாட்டார்கள்.

மூடியை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டெஸ்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த டாப்-அப்புக்கு அதே கான்சென்ட்ரேட்டில் அரை லிட்டரும் டிஎம் வாட்டர் அரை லிட்டரும் கலந்து ஒரு பாட்டிலில் இப்போதே எடுத்து வைத்து, தேதி எழுதிவிடுங்கள்.